ஏழு மாதக் கைக்குழந்தையோடு மலைக்குப் போகலாமா?

"பச்சப் புள்ளைய தூக்கிக்கிட்டு மலைக்கா? காது அடைக்கும், நெஞ்சுல சளி கட்டும். ஒரு வயசாவட்டும் மாப்பிள்ள."

சனி, ஞாயிறு இரண்டு நாள் கோலாலம்பூரும் கெந்திங் மலையும் போய் வரலாம் என்று பேச்செடுத்ததும் என் மாமியார் சொன்னது இது. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவளைப் பெற்ற நாளிலிருந்து ஆயர் ஈத்தாம் வீட்டையும் கிளினிக்கையும் தவிர வேறெதையும் பார்க்காத என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி மாமியாரின் பேச்சைவிடப் பலமாகக் கேட்டது. ஆகவே அறிவியல் என்ன சொல்கிறது என்று படிக்க உட்கார்ந்தேன். மாமியார் சொன்னதில் பாதி சரி. ஆனால், நாங்கள் இருவருமே பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயந்துகொண்டிருந்தோம்.

பினாங்கிலும் ஓர் ஆயர் ஈத்தாம் உண்டு. பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் ரயிலின் அடிவார நிலையம் அங்கேதான் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே மலை. ஜொகூர் ஆயர் ஈத்தாம்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்கு வாய்த்தது சாலை. பத்து பகாட்டிலிருந்து குளுவாங் போகும் சாலையும், ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகும் பழைய கூட்டரசுச் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி இது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை, தெற்கிலிருந்து வடக்கே போன பேருந்துகள் இங்கே நின்று, பயணிகள் தேநீர் குடித்து, ஒரு பீங்கான் சாடியும் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று நாமும் அதே நெடுஞ்சாலையில் ஏறி, தலைநகருக்குச் சுமார் 240 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

அதோடு இன்னொரு மாற்றம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் மற்ற மாநிலத்தார் வேலைக்குப் போகும் வெள்ளிக்கிழமையில் நாம் காலியான சாலையில் போனோம். இப்போது எல்லாரும் ஒரே நாளில் கிளம்பி, ஒரே நாளில் திரும்புகிறோம். பெரியவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். இருக்கையில் கட்டுண்டு கிடக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேர நெரிசல் என்பது வேறு கதை.

எந்த மலை?

பக்கத்திலேயே மலை இல்லாமல் இல்லை. குளுவாங்கில் 510 மீட்டர் உயர லம்பாக் மலை இருக்கிறது. தங்காக் பக்கம் 1,276 மீட்டர் லேடாங். ஆனால் இரண்டும் நடந்து ஏறும் மலைகள். லேடாங்கின் செங்குத்துப் பாதையில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவதைப் பற்றி நான் யோசிக்கக்கூட மாட்டேன். தடுக்கி விழுவது ஒருவரானாலும் அடிபடுவது இருவர். கேமரன் மலையில் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டரில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அருமையான குளிர்தான். ஆனால் தாப்பாவில் இறங்கிய பிறகும் வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து இரண்டு நாளில் போய்த் திரும்பும் தூரமல்ல. மிஞ்சியது கெந்திங். உச்சி சுமார் 1,800 மீட்டர். தலைநகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

1,800 மீட்டர் என்றதும் மூச்சுத் திணறுமோ என்ற பயம் வரும். கணக்குப் பார்ப்போம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். 1,800 மீட்டரில் அது ஏறத்தாழ 815. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் 80 விழுக்காடு. கேட்கப் பயமாக இருக்கிறதா? நாம் ஏறும் பயணிகள் விமானத்தின் உள்ளே, 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் குறைய அனுமதி உண்டு. சென்னைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது யாரும் "மலைக்கா போறீங்க?" என்று கேட்பதில்லை. உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலை தருகிறது. நல்ல ஆரோக்கியத்தோடு, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு கெந்திங் உயரத்தில் சில மணி நேரம் இருப்பது சிக்கலல்ல. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பலவீனமாக இருந்தாலோ, இதயத்தில் கோளாறு இருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை மாமியார் சொன்னதே சரி.

காது அடைப்பு உண்மைதான்

கெந்திங் போகும்போது காற்றடைத்த முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் காரில் வைத்துப் பாருங்கள். மேலே போகப் போக வெடிக்கப் போவதுபோல் உப்பும். மேலே காலியான தண்ணீர் போத்தலை இறுக மூடிக் கீழே கொண்டுவந்தால், யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதும் இப்படி மூடிய ஒரு சின்ன அறைதான். அதற்கு ஒரே சன்னல், தொண்டையின் மேற்பகுதிக்கு இறங்கும் ஒரு மெல்லிய குழாய். இத்தாலிய உடற்கூற்றியலாளர் யூஸ்டாக்கியோவின் பெயரால் அது யூஸ்டாக்கியக் குழாய் எனப்படுகிறது.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் சரிவாக இறங்கும். கைக்குழந்தைக்கு ஏறத்தாழ அதில் பாதி நீளம்தான், கிடைமட்டமாகக் கிடக்கும், அதைத் திறக்கும் தசையும் இன்னும் தேறியிருக்காது. ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாகவே வெளியே கசிந்துவிடும். தொல்லை இறங்கும்போதுதான். வெளியே அழுத்தம் கூடக் கூட, மெத்தென்ற குழாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது; செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படுகிறது. நமக்கென்றால் எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம். குழந்தைக்கு அது தெரியாது. வலிக்கிறது, அழுகிறது. அழுகையும் விழுங்கலும் குழாயைத் திறக்கும் என்பதால், அழும் பிள்ளை தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்கிறது என்றும் சொல்லலாம்; பின்னிருக்கையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது.

இதற்கு மருந்து பால். ஒவ்வொரு விழுங்கலுக்கும் குழாய் ஒரு நொடி திறக்கும். ஆனால் இங்கேதான் பல குடும்பங்கள் ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய்ப் பெரிய சிக்கலை வரவழைக்கின்றன. ஓடும் காரில், வளைவுச் சாலையில், குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுக்கிறார்கள். காது வலி ஒரு மணி நேரத்தில் போய்விடும். சாலையில் ஒரு நொடியில் நடப்பதைத் திருப்ப முடியாது. பால் கொடுக்க வேண்டுமானால் பாதி இறக்கத்தில் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

நாங்கள் கண்ட வழி வேறு. காரை அவானாவில் விட்டுவிட்டுக் கேபிள் காரில் ஏறினோம். 2.8 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் பத்து நிமிடத்தில் கடக்கிறது. காரைவிட வேகமாக உயரம் மாறுவதால் காது இன்னும் சீக்கிரம் அடைக்கும்தான். ஆனால் இங்கே தாய் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துப் பால் கொடுக்கலாம். காலையில் ஏறும்போது மகள் வேடிக்கை பார்த்தாள். இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்திருந்து, பெட்டி நகர ஆரம்பித்ததும் கொடுத்தோம். அழவில்லை. அவானாவிலிருந்து காரில் இறங்கும்போது மட்டும் கொஞ்சம் சிணுங்கினாள். சப்புவதற்கு ரப்பர் காம்பைக் கொடுத்தோம், போதுமாக இருந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சளியோ காதில் தொற்றோ இருக்கும் குழந்தைக்கு அந்தக் குழாய் ஏற்கெனவே வீங்கி அடைத்திருக்கும். அப்போது பால் கொடுத்தாலும் வலி தீராது. அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று பார்க்காமல் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

மலையைவிடச் சாலை

இனி, உண்மையில் பயப்பட வேண்டிய இடம். ஏழு கிலோ குழந்தை மடியில் இருக்கிறது. கார் மணிக்கு 50 கிலோமீட்டரில், அதாவது நொடிக்குச் சுமார் 14 மீட்டரில் போகிறது. எதன்மீதோ மோதி 0.1 நொடியில் நின்றுவிடுகிறது. குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை ஏறத்தாழ 980 நியூட்டன். நூறு கிலோ மூட்டையை ஒரே கணத்தில் கையில் தாங்குவதற்குச் சமம். நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகத்தில் அதே மோதல் என்றால் இருநூறு கிலோவுக்கு மேல். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அன்பு குறைவு என்பதல்ல. நியூட்டனின் இரண்டாம் விதி.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தைப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். ஆனாலும் நம் வீடுகளில் "பாட்டி மடியில இருக்கட்டும், பக்கத்துக் கடைக்குத்தானே" என்ற வாக்கியம் இன்னும் ஒலிக்கிறது. இருக்கை இருந்தாலும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. நமக்கு ஏழில் ஒன்று அல்லது எட்டில் ஒன்று. அவ்வளவு கனமான தலையை மெல்லிய கழுத்து தாங்குகிறது. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால், மோதலில் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கையின் முதுகுப்பக்கம் சேர்த்துத் தாங்கும். புதிய பன்னாட்டுத் தர விதி, குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கியே உட்கார வைக்கச் சொல்கிறது. காற்றுப்பை வேலை செய்யும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது.

அந்த இருக்கையிலும் மணிக்கணக்கில் விட முடியாது. தூங்கும் குழந்தையின் தலை முன்னே சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால், மூச்சுக்குழல் மடியும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, கை கால் உதறவிட வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து போனால் ஆயர் குரோ ஓய்விடமும் சிரம்பான் ஓய்விடமும் இதற்குச் சரியான இடைவெளியில் வருகின்றன. எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும். குழந்தை தூங்குகிறதே என்று பூட்டிய காரில் "ரெண்டு நிமிஷம்" விட்டுப் போவதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உட்புற வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே. சன்னலை இரண்டு விரல்கடை இறக்கிவிட்டதால் பெரிய பலன் இல்லை.

அடுத்தது, யாரும் பட்டியலில் எழுதாத ஒன்று: ஓட்டுநரின் தூக்கம். ஏழு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் முழு இரவு தூங்கியவர் யார்? 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வகுத்திருக்கும் எல்லையும் இப்போது அதே அளவுதான். 110 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால் கார் 90 மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாமலே போயிருக்கும்.

என் முதல் திட்டம் சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. குழந்தை தூங்கும், சாலை காலி. குழந்தைக்கு நல்ல திட்டம்தான். ஓட்டுநருக்கு மிக மோசமானது. உடல் கடிகாரம் அடியோடு அயரும் நேரம் இரவு 2 முதல் 6 மணி. ஏழரைக்குக் கிளம்பினோம். மகளின் காலைத் தூக்கம் ஆயர் குரோ தாண்டியதும் வந்தது. ஞாயிறு மாலையே திரும்புவதை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். இரண்டு நாள் பயணம் மூன்று நாளானது. செலவு கூடியது. திட்டத்தில் நான் செய்த மாற்றங்களிலேயே உருப்படியானது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நகரத்தில் ஓர் இரவு

கோலாலம்பூரில் கைக்குழந்தையோடு பார்க்க அதிகம் வேண்டாம். 1888இல் தொடங்கிய ஏரிப் பூங்காவில், இப்போது பெர்டானா தாவரவியல் பூங்கா என்கிறார்கள், மாலை நிழலில் தள்ளுவண்டியை உருட்டினோம். வெயிலுக்கு வண்டியைத் துணியால் முழுக்க மூடுவது பலருக்கு வழக்கம். மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும். கொசுவலை போதும், பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கும் அதுதான் தடுப்பு. பிறகு பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாடு. மனைவி சூடாக, இரண்டு கையாலும் சாப்பிட்டாள். ஏழு மாதத்தில் முதல்முறை என்றாள்.

சோதனை இரவில் வந்தது. நம் வீடுகளில் பிள்ளைகள் ஸ்பிரிங் தொட்டிலில் ஆடித்தான் தூங்குகிறார்கள். ஓட்டல் அறையில் அது இல்லை. அசையாத கட்டிலில் படுக்கவைத்தால் வீறிட்டாள். ஆட்டினால் தூக்கம் வருவது வெறும் பழக்கமல்ல. அசைவை உணரும் உள்காதின் வேலை. 2022இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளிடம் இதைப் பரிசோதித்தார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல், திடீர்த் திருப்பம் இல்லாமல் நடந்தால் அழுகை அடங்குகிறது. ஏறக்குறைய பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். உடனே கட்டிலில் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழித்துக்கொள்கின்றன. அவற்றை எழுப்புவது மெத்தையின் தொடுகை அல்ல. நம் உடலிலிருந்து பிரியும் அந்தக் கணம். ஆகவே தூங்கிய பிறகு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். ஓட்டல் நடைபாதையில் மின்தூக்கிக்கும் அறைக்கும் இடையே நான் நடந்த நடைக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது என்பது அப்போது பெரிய தெம்பாக இருந்தது. இரண்டாம் முயற்சியில் பலித்தது.

படுக்கை தட்டையாக, உறுதியாக இருக்க வேண்டும். தலையணை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தைக் கட்டிலை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கு ஆபத்தானது.

பால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஏற்பாடே வேண்டாம். மாவுப்பால் என்றால், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கி ஆற்றிக் கொடுக்க வேண்டும். மாவில் இருக்கக்கூடிய கிருமிகளை அந்தச் சூடுதான் கொல்கிறது. கெந்திங்கில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் அது போதும். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

குளிர் என்ற பயம்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆயர் ஈத்தாமில் 32 என்றால் உச்சியில் 20ஐ ஒட்டி இருக்கும். அதோடு காற்றும் மூடுபனி ஈரமும். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிடப் பெரியது. சூட்டைச் சீக்கிரம் இழக்கும். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றவும் அதற்குச் சரியாக வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது. ஆக, குளிருக்குக் கவனம் வேண்டும். ஆனால் குளிர் சளியைக் கொண்டுவருவதில்லை. சளி வைரஸ் கிருமியால் வருகிறது. மலையில் அது ஒட்டுவதற்கு வாய்ப்புள்ள இடம், கூட்டம் நெரியும் பேரங்காடியின் உள்ளேதான்.

நம் ஆட்கள் செய்வது நேர் எதிரான தவறு: சுற்றிச் சுற்றிப் போர்த்துவது. நமக்கு இரண்டு துணி என்றால் குழந்தைக்கு மூன்று, ஒரு தொப்பி. கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நெஞ்சிலோ பிடரியிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பஞ்சடைத்த கனமான சட்டையோடு கார் இருக்கையில் கட்டவே கூடாது. இறுகியதுபோல் தெரியும் பட்டை, மோதலில் பஞ்சு நசுங்கியதும் தளர்ந்துவிடும். கட்டிவிட்டு மேலே போர்த்துங்கள்.

உச்சியில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். பாதி நேரம் மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. மகள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து ஒரு கோப்பைக் காப்பியை ஆறுவதற்குள் குடித்து முடித்தாள். திங்கள் மதியம் வீடு திரும்பியதும் மாமியார் பேத்தியை வாங்கி, முதலில் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பையைத் துழாவி, உப்பிய முறுக்குப் பொட்டலம் எங்கே என்றார். மலையிலேயே தின்றுவிட்டோம் என்றேன். அடுத்த முறை தானும் வருவதாகச் சொன்னார். காரில் பின்னிருக்கையில் அவருக்கும் இடைவார் உண்டு, பேத்தி மடியில் இல்லை என்ற நிபந்தனைக்கு இன்னும் பதில் வரவில்லை.